பெயரை விட்டுவிட்டுப் பூசை காணலாமா?

கத்தோலிக்கப் பூசைக்குப் போய்ப் பழகாத நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். பூசையின் நடுவில், அப்பத்தையும் இரசத்தையும் வைத்துக்கொண்டு குருவானவர் சொல்லுகிற நீளமான செபம் ஒன்று இருக்கு. நற்கருணை மன்றாட்டு என்று சொல்லுவோம். அதற்குள், உலகம் முழுக்க இருக்கிற திருச்சபையை நினைவுகூருகிற வரியில் இரண்டு பெயர்கள் வரும். முதலாவது உரோமையில் இருக்கிற பாப்பரசருடையது. இரண்டாவது எங்கட மறைமாவட்ட ஆயருடையது. இரண்டையும் சொல்லி முடிக்க நாலு விநாடி கூடப் போகாது. கொடிகாமத்தில் சொல்லப்படுகிற முதல் பெயர்தான் அதே ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலும் பாரிசிலும் கொங்கோவிலும் சொல்லப்படுகிறது.

பூசைக்குப் போகிறவர்களிலேயே கனபேர் அதைக் கவனிக்கிறதில்லை. இந்தக் கட்டுரை அந்த நாலு விநாடியைப் பற்றியது. அந்தப் பெயருக்குரியவர் உண்மையிலேயே பாப்பரசர்தானா என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், அந்த வரியில் அவரோடு சேர்ந்து செபிக்கலாமா, கூடாதா? இறையியலாளர்கள் உரோமையில் இருந்து தீர்க்க வேண்டிய கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் அது எங்கட வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

2024 பங்குனியில் அம்மம்மாவின் 31ஆம் நாள். செத்தவீட்டுக்கு வந்துசேர முடியாமல் போன மாமா, இதற்காகக் கனடாவிலிருந்து வந்திருந்தார். அம்மம்மாவுக்கு ஒரே ஆம்பிளைப் பிள்ளை. முதல்நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவைக் கேட்டார்:

“அக்கா, நாளைக்குப் பூசையில பிரான்சிஸின்ர பேர் சொல்லுவினமோ?”

“எல்லாப் பூசையிலயும் சொல்லுறதுதானே.”

“அப்ப நான் உள்ளுக்கு வரமாட்டன். வெளியில நிண்டு செபமாலை சொல்லுறன்.”

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் கோபம் வந்துவிட்டது. “பெத்த தாய்க்குக் குடுக்கிற பூசை. அதுக்குள்ள ஆற்ற பேரைச் சொன்னால் உனக்கென்ன?”

“பேர்தான் அக்கா எல்லாம். பாப்பரசர் இல்லாத ஆளைப் பாப்பரசர் எண்டு கடவுளுக்கு முன்னால சொல்லுறது பொய். அந்தப் பொய்க்கு நான் ஆமென் சொல்லேலாது.”

சொன்னபடியே செய்தார். கோயில் வளவில் மாமரத்துக்குக் கீழே நின்றார். நற்கருணை வாங்கவில்லை. பூசை முடிய எல்லோரோடும் சேமக்காலைக்கு வந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

மாமாவை விசர் பிடித்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இரவுச் செபமாலையை ஒரு நாளும் விடாதவர். அம்மம்மா முற்றம் கூட்டும்போது பழைய இலத்தீன் பாட்டுக்களைப் பொருள் தெரியாமலே முணுமுணுப்பா. அந்தச் சத்தத்தைத் தேடித்தான், கனடாவில் ஒரு மணித்தியாலம் கார் ஓடி இலத்தீன் பூசைக்குப் போகத் தொடங்கினவர். 2021 ஆடி 16ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் பழைய இலத்தீன் பூசைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். மாமா போய்வந்த பூசை நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் யூரியூப்பில் அந்தக் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினார். கேள்வி காயத்திலிருந்து வந்தது என்பதற்காக அந்தக் கேள்வி பிழை என்று ஆகிவிடாது. ஆகவே அவர் சொல்லுகிற நியாயத்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

16ஆம் பெனடிக்ட் 2013 மாசி 11ஆம் திகதி பதவி விலகுவதாக இலத்தீனில் அறிவித்தார். அந்த அறிவிப்பில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று முனுஸ். பதவி என்று வைத்துக்கொள்ளலாம். மற்றது மினிஸ்தேரியும். பணி. பாப்பரசர் விலகுவதைப் பற்றிச் சொல்லுகிற திருச்சபைச் சட்டம் 332 முனுஸ் என்கிற சொல்லைப் பாவிக்கிறது. பெனடிக்டோ தான் துறப்பதாகச் சொன்ன இடத்தில் மினிஸ்தேரியும் என்று சொன்னார். ஆகவே அவர் பணியை மட்டும்தான் விட்டார், பதவியை விடவில்லை. 2022 மார்கழி 31இல் சாகும்வரை அவர்தான் பாப்பரசர். 2013 பங்குனி 13இல் நடந்த தெரிவு செல்லாது. இதுதான் மாமாவின் பக்கத்து வாதம்.

இதற்குப் பதில் அதே அறிவிப்புக்குள் இருக்கு. மாசி 28ஆம் திகதி இரவு எட்டு மணியிலிருந்து பேதுருவின் ஆசனம் வெறுமையாகும், புதிய பாப்பரசரைத் தெரிய கொன்கிளேவ் கூட்டப்பட வேண்டும் என்று பெனடிக்டே அதில் சொல்லியிருக்கிறார். தன்னுடைய விலகலின் செல்லுபடியில் ஒரு சந்தேகமும் இல்லையென்று 2014இல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவருக்கு எழுதியும் இருக்கிறார். சட்டம் 332 கேட்பதும் இரண்டே விடயம்: விலகல் சுதந்திரமாக நடக்க வேண்டும், முறையாக வெளிப்படுத்தப்பட வேண்டும். ஒருவர் “நான் வீட்டை விட்டுப் போறன், திறப்பை வாற ஆளிட்டக் குடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அவர் வீடு என்று சொன்னாரா மனை என்று சொன்னாரா என்று வழக்குப் போடுவது மாதிரித்தான் இந்த வாதம் எனக்குப் படுகிறது.

ஆனால் இந்த வாதத்தில் வெல்வதால் மட்டும் எங்கட கேள்வி தீராது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடேயே பாப்பரசர் இல்லாமல் போய்விட்டார் என்று சொல்லுகிறவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறார்கள். 2024 ஆடியில் பேராயர் விகானோ, பிரான்சிஸை ஏற்க மறுத்த பிரிவினைக் குற்றத்துக்காகச் சபைவிலக்குப் பெற்றார். ஒரு வாதம் முடிய இன்னொன்று வரும். இலத்தீனும் சட்டமும் படிக்காத ஒரு சாதாரண கத்தோலிக்கர் இதற்குள் என்ன செய்ய வேண்டும்?

அம்மா சொல்லுவது: செபம்தானே, ஆருக்காகவும் செபிக்கலாம். இதில் நிறைய உண்மை இருக்கு. கொடிகாமத்திலிருந்து கண்டி வீதியால் கிழக்கே போனால் அடுத்தது மிருசுவில். 2000 மார்கழியில், இடம்பெயர்ந்திருந்து தங்கட வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பேர், பிள்ளைகளும் உட்பட, அங்கே கொல்லப்பட்டார்கள். 2015இல் ஒரு இராணுவச் சிப்பாய்க்கு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 2020 பங்குனியில் ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். அதற்குப் பிறகும் எங்கட கோயிலில் விசுவாசிகள் மன்றாட்டில் நாட்டை ஆளுகிறவர்களுக்காக என்று ஒரு மன்றாட்டு வாசிக்கப்பட்டுத்தான் வந்தது. சனமும் பதில் சொன்னது. ஆட்சியை ஏற்றுக்கொண்டதாகவோ மன்னிப்பைச் சரியென்று சொன்னதாகவோ ஒருத்தரும் அதை எடுக்கவில்லை. அரசர்களுக்காக மன்றாடச் சொல்லி தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் இருக்கு. அது எழுதப்பட்டது உரோமைப் பேரரசுக்குள். அந்த அரசர்கள் கிறிஸ்தவர்களுக்குச் செய்ததை நாங்கள் படித்திருக்கிறோம்.

இதை மாமாவுக்குச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அது வேற, இது வேற தம்பி. ஆளுறவைக்காகக் கேக்கிறது ஒண்டு. நடுப்பூசையில வாறது ‘அவரோட சேர்ந்து’ எண்டு. நான் அந்த மனிசனுக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிறனான். அவரோட சேர்ந்து எண்டு சொல்லத்தான் மாட்டன்.”

இந்த இடத்தில் மாமா சொல்லுவது சரி. இலத்தீனில் அந்த வரி ஊனா கும் என்று வரும். ஒன்றுசேர்ந்து என்று பொருள். ஒருவருக்காக உதவி கேட்பதும், ஒருவரோடு ஒரே பந்தியில் இருப்பதாகச் சொல்லுவதும் ஒன்றல்ல. செபம்தானே என்று இதைக் கடந்து போனால் மாமாவின் மனச்சாட்சியை நாங்கள் மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்படியென்றால் கேள்வி இன்னும் இறுகுகிறது: அந்த ‘சேர்ந்து’ என்ற சொல்லால் நாங்கள் எதை உறுதிப்படுத்துகிறோம்?

இதே கேள்வி ஆறாம் நூற்றாண்டிலும் வந்திருக்கு. 556இல் முதலாம் பெலாஜியுஸ் பாப்பரசரானார். அவரைக் கொண்டுவந்தது சக்கரவர்த்தி யுஸ்தினியான். முந்தின பாப்பரசர் விஜிலியுஸின் சாவில் இவருக்குக் கை இருந்தது என்று உரோமையில் கதை அடிபட்டது. அவரை அபிஷேகம் செய்ய இரண்டு ஆயர்கள்தான் கிடைத்தார்கள். தன்மேல் இருந்த பழிக்கு அவர் புனித பேதுருவின் கோயிலில் சத்தியம் செய்து பதில் சொன்னார். தஸ்கனிப் பகுதி ஆயர்கள் பூசையில் அவருடைய பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். பெலாஜியுஸ் அவர்களுக்கு எழுதினதன் சாரம் இதுதான்: மற்றவர்கள் செய்வதுபோல என் பெயரைச் சொல்லாமல் விடும்போது, முழு உலகத்தின் ஒன்றிப்பிலிருந்து நீங்கள் விலகவில்லை என்று எப்படி நினைக்கிறீர்கள்?

இதில் எனக்குப் பிடித்தது, தான் குற்றமற்றவன் என்பதை அவர் இந்த விடயத்துக்குக் காரணமாக வைக்கவில்லை. பெயரை விட்டால் அறுபடுவது தனக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ளது மட்டுமில்லை, அதே பெயரைச் சொல்லுகிற மற்ற எல்லோரோடும் உள்ளது என்றார். பூசையில் அந்த வரியை உற்றுக் கேட்டால் இது விளங்கும். அந்தச் செபத்தில் பாப்பரசரின் பெயர் தனிய வருவதில்லை. ஆயரின் பெயர் வரும். பிறகு இறந்தவர்களை நினைவுகூருகிற இடம் வரும். அன்றைக்கு அந்த இடத்தில் குருவானவர் அம்மம்மாவின் பெயரைச் சொன்னார். மாமா மாமரத்துக்குக் கீழே நின்றது முதல் பெயரைக் கேட்காமல் இருக்க. தாயின் பெயரையும் அவர் கேட்கவில்லை. முதல் பெயருக்குரியவரோடு மட்டும் உறவை வெட்டிக்கொண்டு மற்றப் பெயர்களை வைத்துக்கொள்ள வழி இருக்கவில்லை.

சரி, உண்மையாகவே ஆர் பாப்பரசர் என்று தெரியாத காலம் வந்தால்? வந்திருக்கு. 1378 சித்திரையில் கர்தினால்மார் உரோமையில் 6ஆம் உர்பானைத் தெரிவு செய்தார்கள். அதே கர்தினால்மார் அதே ஆண்டு புரட்டாதியில், சனத்துக்குப் பயந்துதான் அவரைத் தெரிந்தோம் என்று சொல்லி 7ஆம் கிளமெண்டைத் தெரிந்தார்கள். ஒருவர் உரோமையில், மற்றவர் அவிஞ்ஞோனில். 1409இல் இதைத் தீர்க்கிறோம் என்று பீசாவில் கூடினவர்கள் மூன்றாமவரையும் கொண்டுவந்தார்கள். 1417இல் கொன்ஸ்தான்ஸ் சங்கம் 5ஆம் மார்ட்டினைத் தெரிந்த பிறகுதான் பிரிவு முடிந்தது. கிட்டத்தட்ட நாற்பது வருடம்.

அந்தக் காலத்தில் சியன்னா புனித கத்தரினாள் உரோமைப் பக்கம் நின்றா. புனித வின்சென்ட் பெரர் அவிஞ்ஞோன் பக்கம் நின்றார். 1416இல்தான் அந்தப் பக்கத்தை விட்டார். இருவரையும் திருச்சபை புனிதர்கள் என்கிறது. ஆகவே, வலென்சியாப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊரில் பிழையான பெயரை ஞாயிறு தோறும் கேட்டு ஆமென் சொன்ன ஒரு கமக்காரன் அதற்காகக் கெட்டுப்போகவில்லை. தன் ஆயர் சொன்ன பெயரோடு அவன் நின்றான். ஆர் சரியானவர் என்று தீர்க்கிற பாரம் அவன் தலையில் இருக்கவில்லை. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் கடைசியில் தீர்த்தார்கள்.

அந்தப் பிரிவின் தொடக்கத்தில் ஸ்பானியாவின் கஸ்தீலியா இராச்சியம் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தது. டொலேதோ பேராயர் பெத்ரோ தெனோரியோ, பூசையில் ஒரு பெயரும் சொல்லாமல், உண்மையான பாப்பரசர் எவரோ அவருக்காக என்று செபிக்க வைத்தார். தொலைபேசியில் இதைச் சொன்னவுடனே மாமாவுக்குச் சரியான சந்தோசம். “பாத்தியே, பேர் சொல்லாமலும் பூசை வைக்கலாம்!”

வைக்கலாம்தான். ஆனால் அதைச் செய்தது யார், எப்படிச் செய்தார் என்று பார்க்க வேண்டும். தீர்மானித்தது பேராயர், தன் மந்தை முழுவதுக்குமாக. அதே கர்தினால்மார் இரண்டு பேரைத் தெரிந்து, அரசுகள் இரண்டாகப் பிரிந்து நின்ற நேரம் அது. தீர்ப்பு வரும்வரைக்கும்தான் அந்த ஏற்பாடு. 1381இல் கஸ்தீலியா ஒரு பக்கத்தை எடுத்தது. முக்கியமாக, அந்தச் செபம் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுகிறது. மாமா தெரியவில்லை என்று சொல்லவில்லை. இவர் இல்லை என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். 2013இல் கர்தினால்மார் இரண்டாகப் பிரியவும் இல்லை, இன்னொருவரைத் தெரியவும் இல்லை. உலகத்தின் மறைமாவட்டங்களில் ஒரே பெயர்தான் சொல்லப்பட்டது.

பெயரைத் துணிந்து எடுத்துவிட்டால் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு எங்கட தீவிலேயே ஒரு கதை இருக்கு. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே தடை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலைச் சனம் அவரை மறைத்து வைத்துப் பூசை கண்டது. அவருக்குப் பின்னாலும் கோவாக் குருக்களே உயிரைப் பணயம் வைத்து வந்தார்கள். அந்தக் குருக்கள் வந்த வழி பதுரவாதோ, அதாவது கீழைத்தேயத் திருச்சபையில் போர்த்துக்கல் அரசனுக்கு இருந்த காப்புரிமை. பிறகு உரோமை தன் நேரடிப் பொறுப்பில் மிஷனரிமாரை அனுப்பத் தொடங்கியது. 1834இல் இலங்கை கொச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1847இல் அமலமரித் தியாகிகள் வந்தார்கள். ஆனாலும் சில கோயில்கள் கோவாக் குருக்களோடேயே நின்றன. சனத்துக்கு அவர்களில் அவ்வளவு பாசம்.

1886இல் பாப்பரசர் 13ஆம் லியோ போர்த்துக்கலோடு உடன்படிக்கை செய்து, இலங்கைக் கோயில்களைக் கோவாவின் பொறுப்பிலிருந்து எடுத்தார். கொழும்பிலும் மன்னார்ப் பகுதியிலும் ஒரு பகுதிச் சனம் மறுத்தது. அவர்களுக்குத் தலைமை தாங்கின வைத்தியர் லிஸ்போவா பிந்தோ லேசுப்பட்ட ஆள் இல்லை; பிறகு 1893இல் கொழும்பு அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தவர். 13ஆம் லியோ பாப்பரசர் இல்லை என்று அவர்கள் ஆரம்பத்தில் சொல்லவில்லை. எங்களைக் காப்பாற்றின குருக்களிடமிருந்து எங்களைப் பறிக்க அவருக்கு உரிமை இல்லை என்றுதான் சொன்னார்கள். மாமாவின் காயமும் அவர்களுடையதும் ஒரே மாதிரி.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். கோவாவில் தன் பேராயரோடு முரண்பட்டிருந்த அல்வாரெஸ் என்கிற குருவானவர் அவர்களுக்குத் தலைவராக வந்தார். 1889 ஆடியில், அந்தியோக்கியா பிதாப்பிதாவின் அனுமதியோடு, கோட்டயத்தில் மலங்கரை ஓர்த்தடோக்ஸ் ஆயர்கள் அவரை மார் யூலியுஸ் என்ற பெயரில் ஆயராக்கினார்கள். கொழும்பில் நல்மரண மாதா கோயில் அவருடைய தலைமைக் கோயில். 1892இல் அதே கோயிலில் வைத்து, அமெரிக்காவிலிருந்து வந்த விலாத் என்பவர் ஆயராக்கப்பட்டார். அவரிடமிருந்து தங்கட ஆயர் வழி வந்தது என்று சொல்லுகிற சின்னச் சின்னச் சபைகள் மேற்கு நாடுகளில் இன்றைக்கும் கணக்கில்லாமல் இருக்கு. அல்வாரெஸ் கோவாவில் ஏழைகளுக்குத் தொண்டு செய்து 1923இல் இறந்தார். அங்கே ஓர்த்தடோக்ஸ் மக்கள் அவரை இன்றும் மதிப்போடு நினைக்கிறார்கள். இலங்கையில் அவருடைய சபை தேய்ந்து போய்விட்டது.

கோவாவுக்காகத்தான் சண்டை தொடங்கியது. ஆனால் கோவாப் பேராயர் உரோமையோடேயே நின்றார். ஆகவே உரோமையை விட்டவர்கள் கோவாவையும் இழந்தார்கள். இன்னொன்றையும் கவனித்தேன். அந்த இடம் வெறுமையாக இருக்கவில்லை. உரோமையை எடுத்த இடத்துக்கு அந்தியோக்கியா வந்தது. மாமாவுக்கும் அதுதான் நடக்கிறது. அவருடைய கைப்பேசியில் ஒரு குருவானவர் இருக்கிறார். எது பாவம், எந்தப் பூசை செல்லும், ஆரோடு சேர்ந்து செபிக்கலாம் என்பதெல்லாம் இப்போது அவர் சொல்லித்தான் மாமாவுக்குத் தெரியும். அவர் பிழை விட்டால் திருத்த ஒரு ஆயர் இல்லை, ஒரு சங்கம் இல்லை. பாப்பரசரிடம் மாமா கேட்கிற அத்தாட்சி எதையும் அந்தக் குருவானவரிடம் கேட்டதில்லை.

2025 சித்திரை 21இல் பிரான்சிஸ் இறந்தார். வைகாசி 8இல் 14ஆம் லியோ வந்தார். இனிப் பிரச்சினை முடிந்தது என்று அம்மா சந்தோசப்பட்டா. மாமாவின் பதில்: “இவரும் இல்லை. கள்ள வாக்கில வந்தவர்.” அவருடைய கணக்கின்படி அது சரிதான். வாக்களித்த 133 கர்தினால்மாரில் 108 பேர் பிரான்சிஸ் நியமித்தவர்கள். பிரான்சிஸ் பாப்பரசர் இல்லையென்றால் அவர்கள் கர்தினால்மார் இல்லை. அவர்கள் இல்லையென்றால் லியோ இல்லை. மிச்சம் இருக்கிறவர்களும் வயது போய்ச் செத்தபிறகு, புதிய பாப்பரசரைத் தெரிய உலகத்தில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். கொன்ஸ்தான்ஸில் முடிந்ததுபோல இது முடிய வழியே இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வாசலையும் விட்டுவைக்காத முடிவை நான் மனச்சாட்சியின் முடிவாக ஏற்கமாட்டேன்.

பாப்பரசரோடு கடுமையாக முரண்பட்டும் பெயரை விடாதவர்கள் இருக்கிறார்கள். பேராயர் லெபேவ்ர் 1988இல் உரோமையின் அனுமதியில்லாமல் நாலு ஆயர்களை அபிஷேகம் செய்து சபைவிலக்குப் பெற்றார். மாமா விரும்புகிற அதே பழைய இலத்தீன் பூசைதான் அவருடைய சபையிலும். நீர்கொழும்பிலும் அவர்களுக்கு இல்லம் இருக்கு. அவர்கள் தங்கட பூசையில் பாப்பரசரின் பெயரைச் சொல்லுகிறார்கள். அவர்களுடைய கீழ்ப்படியாமையை நான் சரியென்று சொல்லவில்லை. ஆனால் பெயரைச் சொல்லுவது பாப்பரசர் செய்ததையெல்லாம் ஏற்பது இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கு. சியன்னா கத்தரினாள் பாப்பரசர்மாருக்கு எழுதின கடிதங்கள் இனிப்பானவை அல்ல. திருச்சபைச் சட்டம் 212, விசுவாசிகள் தங்கட கருத்தை ஆயர்களுக்குச் சொல்ல உரிமையும் சிலவேளை கடமையும் இருக்கு என்று சொல்லுகிறது. இலத்தீன் பூசை வேண்டும் என்று மாமா நூறு கடிதம் எழுதலாம். நானும் கையெழுத்து வைப்பேன்.

ஆகவே என் பதில் இது. பாப்பரசர் என்று திருச்சபை முழுதும் ஏற்று நிற்கிற ஒருவரின் பெயரைப் பூசையில் சொல்லத்தான் வேண்டும். அவரோடு சேர்ந்து செபிக்கத்தான் வேண்டும். உள்ளுக்குள் சந்தேகம் இருக்கிறவரும் அந்த ஆமெனைப் பொய்யில்லாமல் சொல்லலாம். ஏனென்றால் கொன்கிளேவ் ஒழுங்காக நடந்தது என்று சத்தியக் கடதாசி கொடுக்க அங்கே ஒருத்தரும் எங்களைக் கேட்கவில்லை. இந்த மக்களோடு, இந்த ஆயரோடு, அவர் யாரோடு நிற்கிறாரோ அவரோடு நானும் நிற்கிறேன் என்று சொல்லத்தான் கேட்கிறார்கள். 1378 மாதிரி ஒரு காலம் திரும்ப வந்தால் ஆயர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அவர்களோடு நிற்போம். ஒரு குருவானவரோ ஒரு விசுவாசியோ தன் பாட்டுக்குப் பெயரை வெட்ட வெளிக்கிட்டால், எங்கட தீவில் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

இதை மாமாவை வெல்ல எழுதவில்லை. எங்கட வயதுக்காரர் பலருடைய கைப்பேசிக்கும் இந்தக் காணொளிகள் வருகின்றன, வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. பார்த்துக் குழம்பினால், முதலில் பெனடிக்டின் அந்த அறிவிப்பைத் தேடி வாசியுங்கள். ஒரு பக்கம்கூட வராது. பிறகு உங்கட பங்குத்தந்தையிடம் போய் நேரடியாகக் கேளுங்கள். கோபப்பட்டாரென்றால் இன்னொருவரிடம் கேளுங்கள். கேட்கிறதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பதில் கிடைக்கும்வரைக்கும் கோயிலுக்கு உள்ளே இருந்து கேளுங்கள்.